முத்திரை அடி

ஊத்துமலைத் தோட்டம், நாலாம் பிரிவு,
பூனாகலை.
12.10.2024

மாரியம்மன் துணை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு மாரிசாமி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகம். இரண்டு கிழமையாக மழை. லயத்துக் கூரை ஒழுகி, மூன்று இடத்தில் சட்டி வைத்திருக்கிறோம். வத்தளையில் நீங்கள் சுகமா? லீலா அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிறு போனில் காமன் கூத்து என்று வாயைத் திறந்தேனோ இல்லையோ, "இதெல்லாம் போன்ல பேசாத, எழுது" என்று வைத்துவிட்டீர்கள். சண்டை முடிந்து பதினைந்து வருஷமாகிறது, உங்களுக்குப் போன் பயம் இன்னும் போகவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

வருகிற மாசியில் நம் தோட்டத்தில் மறுபடியும் காமன் கம்பம் ஊன்ற வேண்டும் என்று இளந்தாரிகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கோயில் கமிட்டியும் சரி என்றுவிட்டது. எனக்குத்தான் தயக்கம். 2008 மாசியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூத்தில் சிவன் காமனை எரித்தாகிவிட்டது. மூன்றாம் நாள் பாட்டுப் பாடி உயிர் எழுப்ப வேண்டும். அதற்குள் இரண்டாம் நாள் காலையிலேயே ஆமிச் சுற்றிவளைப்பு. காமன் வேஷம் கட்டிய கிருஷ்ணராஜைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. எரித்த காமனை எழுப்பாமல் விட்ட தோட்டம் ஊவா மாகாணத்தில் நம்முடையது ஒன்றுதான். அதன் பிறகு காமன் பொட்டலில் புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை.

அந்த வருஷம் நீங்கள் புதிதாகக் கட்டிய எழுப்புப் பாட்டு ஒருவர் காதிலும் விழவில்லை. அது உங்கள் கொப்பியில்தான் இருக்கும். யார் பாட்டோடு காமன் எரிந்தானோ அவர் பாட்டோடுதான் எழ வேண்டும். தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இன்னொரு விஷயம் ராசம்மா அத்தை. கூத்தில் இந்திரன் காமனுக்கு அனுப்பும் ஓலைப் பாட்டைக் கிருஷ்ணராஜ் எழுதியதால்தான் சுற்றிவளைப்பு வந்தது என்று ஊர் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்யாணம் கருமாதிக்குச் சொல்வதுமில்லை. "எம்மகனுக்கு எழுத வராது, அந்தப் பாட்டு அவன் எழுதுனதில்ல" என்று அவரும் சொல்லாத நாளில்லை. யாரும் நம்பவில்லை. வயசு எழுபத்தைந்து, மூச்சு வாங்குகிறது. கண் மூடுமுன் மகன் பேர் சுத்தமாக வேண்டுமாம்.

வேறொன்றும் எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மாரிசாமி


வத்தளை
3.11.2024

அன்பு மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறோம். உன் அக்காவுக்கு வலி அப்படியேதான், ஆனால் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டதில் குறைச்சல் இல்லை.

நான் இப்போது நம் சங்கத் தலைவரின் கவிதைத் தொகுதியில் மூழ்கிக் கிடக்கிறேன். மார்ச் பதினாறாம் தேதி வெளியீடு. அவருக்கு நேரம் ஏது? நான் கொஞ்சம் கைவைத்துக் கொடுக்கிறேன். முன்னுரையில் என் பேரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பதினேழு வருஷம் அவர் நிழலில் இருந்ததற்கு இதுவாவது கிடைக்கட்டும்.

அந்தக் கொப்பி வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. வேறு யாரிடமாவது பாட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராசம்மாவுக்கு வயதாகிவிட்டது, பெற்ற மனம் எதையாவது சொல்லத்தான் செய்யும். சண்டைக் காலத்தில் ஆயிரம் நடந்தது, எல்லாவற்றையும் கிளறக் கூடாது. உனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேறு என்ன எழுத நினைத்தாய்?

உன் மச்சான்


ஊத்துமலைத் தோட்டம்
20.11.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் சளி. அங்கும் நலமென்று நம்புகிறேன்.

கேட்டதால் எழுதுகிறேன். சிரிக்கக் கூடாது. புரட்டாசிக் கடைசியில், காலை பத்து மணிக்கு, ஏழாம் நம்பர் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பொட்டல் வழியாக இறங்கினேன். வாச்சர் வேலைக்கு வந்த நாளிலிருந்து நடக்கிற பாதைதான். ஒரே பனி, முன்னால் போன நாய் தெரியவில்லை. தப்புச் சத்தம் கேட்டது. சாவுக்கு அடிப்பது இல்லை, காமனுக்கு அடிக்கிற அடி. யாரோ பழகுகிறார்கள் என்று நினைத்துப் போனேன்.

பொட்டல் நடுவில் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தான். தலையில் ஜிகினாக் கிரீடம், மடியில் கரும்பு வில். அதே இருபத்திரண்டு வயசு. முகத்து அரிதாரம் இப்போதுதான் பூசியதுபோல ஈரமாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "மாரியண்ணே, அடுத்த அடி சொல்லுங்க" என்றான்.

ஓடிவந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், கொழுந்துக்கூடையோடு நாலு பெண்கள் அவன் உட்கார்ந்த இடத்தை மிதித்துக்கொண்டு பேசிச் சிரித்தபடி போகிறார்கள்.

எழுந்த காமன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று கதையில் வருகிறதே. அந்த வருஷம் ரதியாகச் சேலை கட்டியவன் நான். என் பெண்சாதி இன்றைக்கும் கோபம் வந்தால் "போங்க ரதிதேவி" என்றுதான் சொல்வாள். ஆனால் இவன் எழவும் இல்லை, எரிந்து முடியவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கிழமைக்கு ஒரு தரமாவது வருகிறான். எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மாரிசாமி


வத்தளை
15.12.2024

அன்பு மாப்பிள்ளை,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ மறுபடியும் குடிக்கிறாயா? பண்டாரவளை ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டு. மனதில் குற்றம் இருந்தால் பனியில் எதுவும் தெரியும்.

ராசம்மாவுக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்குக் கட்டட்டும்.

தலைவர் தொகுதிக்குப் போர் பற்றி ஐந்து பாட்டு வேண்டுமாம். எழுதிப் பார்க்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. சண்டையைத் தூரத்திலிருந்து பார்த்தவனுக்குப் பெரிய சொற்களாகத்தான் வரும். தாய்மண், குருதி, மறம் என்று அடுக்கிவிட்டுப் பார்த்தால், அதற்குள் ஓர் ஆள்கூட இல்லை.

உன் மச்சான்


ஊத்துமலைத் தோட்டம்
5.1.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

புது வருஷம் நன்றாகப் பிறந்தது. இங்கே சுகம். அக்கா மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாரா?

நான் குடித்து ஆறு வருஷமாகிறது. சேலையைத் திருப்பி அனுப்புகிறேன். அத்தை பார்சலைப் பிரிக்கவே இல்லை. "எதுக்கு எனக்குச் சேலை குடுக்கிறாரு? பதினேழு வருசமா ஒண்ணும் குடுக்காதவரு?" என்று கேட்டார்.

கிருஷ்ணராஜைக் கண்டு இப்போதெல்லாம் நான் ஓடுவதில்லை. தள்ளி உட்கார்ந்து கேட்கிறேன். ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறான். நான் கேட்டறியாத பாட்டு. காதில் விழுந்தபடி எழுதுகிறேன்:

சாம்பலுக்குள் சூடிருக்கு சாமி நீயும் எழுந்திரு
ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் ஒருத்தி கண்ணு போதுமே

இதற்குமேல் போகமாட்டான். முத்திரை அடி வேண்டும் என்கிறான். நம் முறை தெரிந்ததுதானே, எந்தப் பாட்டானாலும் கட்டினவர் பேர் கடைசி அடியில் வந்தால்தான் முடியும். பேர் வரும்வரை தப்புக்காரன் கையை நிறுத்தமாட்டான். பொட்டலில் அந்தத் தப்பும் நிற்கவில்லை. இப்போது வீட்டு வாசலில் நின்றாலும் எனக்குக் கேட்கிறது. பகல் சோறு தின்னும்போதும் கேட்கிறது.

இது யார் பாட்டு மச்சான்?

இப்படிக்கு,
மாரிசாமி


வத்தளை
11.1.2025

மாரிசாமி,

அந்த இரண்டு அடியை உனக்கு யார் காட்டியது? உண்மையைச் சொல். கொப்பி என் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் அரைஞாணில். உன் அக்காகூடப் பார்த்ததில்லை. 2008இல் எழுதி மூடியதை இன்றுதான் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்து மாறவில்லை.

வேறு யாரிடமும் இதைப் பாடிக் காட்டாதே.

உன் மச்சான்


ஊத்துமலைத் தோட்டம்
2.2.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

சுகம். அக்காவையும் உங்களையும் அம்மன் காக்கட்டும்.

தொலைந்த கொப்பி கிடைத்ததில் சந்தோஷம்.

காட்டியவன் யார் என்று எழுதிவிட்டேன். நீங்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய? இப்போது நான் ஒன்று சொல்கிறேன். பதினேழு வருஷம் தொண்டையில் கிடந்தது.

கிருஷ்ணராஜுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு நின்றவன். வெட்கத்தில் எப்போதும் பேப்பரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு திரிவான். அதனால் ஊர் அவனைப் படிப்பாளி என்று நினைத்தது. நீங்கள் வாத்தியார், அடி அடியாகச் சொல்லிக் கொடுப்பீர்கள். அவன் உங்கள் வாயைப் பார்த்தபடி திருப்பிச் சொல்வான். பக்கத்தில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் இருந்தேன். ஓலைப் பாட்டை யார் கட்டியது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

கரும்புவில்லை எடுத்து வாடா காமராசா சண்டைக்கு
இருந்து நாங்க ஓலை எழுத எரிய நீயும் போகணும்

இந்திரன் காமனுக்கு அனுப்புகிற ஓலையை இப்படி எழுத யாருக்கு வரும்? பதவியில் இருப்பவன் உட்கார்ந்தே இருப்பான், அடுத்த வீட்டுப் பிள்ளைதான் எரியும் என்பதை இரண்டே அடியில் வைத்தீர்கள். அன்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அக்கா தாலிக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். அத்தை என் வாசலில் வந்து, "மாரி, நீ பக்கத்துல இருந்தியே, ஒரு வார்த்தை சொல்லேன்" என்று அழுதபோது, தெரியாது என்று சொன்னேன். அந்த நாக்கு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

கடைசி அடியை அனுப்புங்கள்.

மாரிசாமி


வத்தளை
16.2.2025

அன்பு மாப்பிள்ளை,

சுகம். நீ கேட்டபடி எழுப்புப் பாட்டு முழுவதையும் இத்துடன் அனுப்புகிறேன். அன்று முத்திரை அடி எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதினேன்:

பூனாகலை மலைமேலே கிருஷ்ணராசன் பாட்டிது

ஓலைப் பாட்டும் அவன் பேரிலேயே இருக்கட்டும். செத்தவனுக்கு அது பெருமைதானே? ஊரும் காலப்போக்கில் அவனைக் கவி என்று கொண்டாடும். ராசம்மாவிடம் இப்படி எடுத்துச் சொல்.

உன் மச்சான்

தம்பி, கவரை ஒட்டுமுன் நான் ஒரு வரி எழுதுகிறேன். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. எதிரில் யாரோ இருப்பதுபோல அடி எடுத்துக் கொடுக்கிறார். கேட்டால் தலைவர் வேலை என்கிறார். என்ன நடக்கிறது தம்பி? லீலா.


ஊத்துமலைத் தோட்டம்
22.2.2025

மச்சான் அவர்களுக்கு,

அக்காவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பியதைப் பொட்டலில் நின்று படித்தேன். பூனாகலைக்கும் கிருஷ்ணராசனுக்கும் மோனை எங்கே? உங்கள் கை அதை ஒருநாளும் எழுதாது. அவனும் கண்டுகொண்டான். கடைசி அடி வந்ததும் எழுந்து நின்றான். முதல் தடவையாகக் கோபத்தைப் பார்த்தேன். "அண்ணே, அன்னிக்கும் இதத்தான் சொன்னாரு. இது எம்பேரு. பாட்டுக்காரர் பேரைக் கேளுங்க" என்றான்.

அன்றைக்கு என்றால் என்றைக்கு?

பெருமை என்கிறீர்கள். அந்தப் பெருமையால் ஒரு தாய் பதினேழு வருஷமாகப் பைப்படியில் கடைசி ஆளாக நின்று தண்ணீர் பிடிக்கிறாள். நீங்கள் எனக்கு எழுதுகிற கடிதத்திலும் பேர் போடுவதில்லை, கவனித்தீர்களா?

காமன் ஊன்றுவது மார்ச் இரண்டாம் தேதி. எழுப்புவது பதினாறு, ஞாயிறு காலை எட்டு மணி. அன்றுதான் உங்கள் தலைவர் புத்தகமும். எங்கே வருவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாரிசாமி


வத்தளை
7.3.2025

மாப்பிள்ளை,

சுகத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, பொறுத்துக்கொள்.

அன்று லயத்து முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள், நீ அந்தக் கோடியில் நின்றாய். வண்டிச் சத்தம் கேட்டதுமே ஓலைப் பாட்டுத் தாளில் முத்திரை அடியை மட்டும் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினேன். மிச்சத் தாளை ஒளிக்க நேரமில்லை. அதைக் கண்டெடுத்து, சண்டைக்கு ஆள் கூப்பிடுகிற பாட்டு என்றார்கள். யார் எழுதியது என்று வாத்தியாரான என்னிடம் கேட்டார்கள்.

கிருஷ்ணராஜ் எனக்குப் பக்கத்தில் நின்றான். அடி எடுத்துக் கொடுப்பேன் என்பதுபோல என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கிருஷ்ணராஜ் எழுதினது" என்றேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லித்தானே பழக்கம்? "கிருஷ்ணராஜ் எழுதினது" என்று அதே ராகத்தில் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. அந்த முகத்தை நான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரிதாரம் முழுதாகக் கழுவியிருக்கவில்லை.

அந்த மாதமே தலைவர் கூப்பிட்டனுப்பினார். சமயத்துக்கு ஏற்றபடி பேசத் தெரிந்தவன் வேண்டுமாம். போனேன். ஆசைதான், வேறென்ன? அவர் மேடையில் பேசுவதும் அவர் பேரில் வரும் கவிதையும் என்னுடையவை. ஒரு பாட்டிலிருந்து என் பேரைக் கிழித்தேன். அதற்குப் பிறகு எழுதிய ஒன்றிலும் என் பேர் இல்லை. நான் எழுதியதில் நல்ல பாட்டு அந்த ஒன்றுதான் மாரி. அதைத்தான் என்னுடையது இல்லை என்று சொன்னேன்.

உன் அக்காவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

பதினாறாம் தேதி வருகிறேன். ராசம்மா என் முகத்தில் காறித் துப்பினாலும் சரி.

உன் மச்சான்


ஊத்துமலைத் தோட்டம்
19.3.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அக்கா உங்களோடு பேசிவிட்டதாகப் போனில் சொன்னார், மனம் குளிர்ந்தது.

ஊரெல்லாம் கண்டதை நீங்களும் கண்டீர்கள். முன்னூறு பேர் முன்னால், முத்திரை அடியோடு மறுபடி எழுதிய ஓலைப் பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு, "இது நான் எழுதியது, பயத்தில் அவன் பேரைச் சொன்னேன்" என்றீர்கள். நானும் என் பங்கைச் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினீர்கள்.

பூனாகலை மலைமேலே புவனேந்திரன் பாட்டிது

நீங்கள் கண்ணை மூடியிருந்தபோது நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம். உங்கள் எதிரில் ஒரு முழத் தூரத்தில் அவன் நின்றான். உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே கூடவே பாடினான். உங்கள் பேர் வந்ததும் தப்பு நின்றது. தப்புக்காரர்கள் அடித்தது மட்டுமில்லை, புரட்டாசியிலிருந்து என் காதில் அடித்ததும் நின்றது. அந்த அமைதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் போன பிறகு அத்தையிடம் தாளைக் கொடுத்தேன். அவருக்கும் படிக்கத் தெரியாது. "இதுல அவரு பேரு எது?" என்று கேட்டார். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுச் சின்னதாப்பா? இதைச் சொல்லவா பதினேழு வருசம்?" என்றார்.

திங்கட்கிழமை பைப்படியில் பெண்கள் அவருக்கு முதல் குடத்துக்கு வழி விட்டார்கள். அவர் பிடிக்காமல் கடைசி வரை நின்றுவிட்டுத்தான் பிடித்தார்.

இனி ஒன்று. சொல்லாமல் இருப்பது தப்பு. அவன் எழுந்ததும் கரைந்து போவான் என்று நினைத்தேன். போகவில்லை. நீங்கள் பண்டாரவளை பஸ்ஸில் ஏறியபோது, உங்கள் பின்னாலேயே அவனும் ஏறினான். உங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தான். அதன் பிறகு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு அன்பு.

இப்படிக்கு,
மாரிசாமி


வத்தளை
2.4.2025

அன்பு மாப்பிள்ளை,

எல்லோரும் சுகம். அக்கா உனக்கு வெயிலில் காயவைத்த வடகம் அனுப்புகிறாள். தலைவர் வேலையை விட்டுவிட்டேன். முன்னுரையிலும் என் பேர் வரவில்லை. அதில் எனக்குக் கவலை இல்லை.

பஸ்ஸில் நான் ஒருவரையும் பார்க்கவில்லை. ஆனால் அப்புத்தளை தாண்டியதிலிருந்து கரும்பு வாசனை வந்துகொண்டே இருந்தது.

இப்போது தெரிகிறான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். கோபம் இல்லை. காலையில் நான் பேனாவைத் திறந்ததும், "அடுத்த அடி சொல்லுங்க வாத்தியாரே" என்கிறான். கொண்டுபோன இடத்தில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். நான் அதை அடியாக்கிச் சொல்கிறேன், அவன் திருப்பிச் சொல்கிறான். பொய்யான ஒரு சொல் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறான். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. எப்போது முடியும் என்று கேட்டேன், சிரிக்கிறான்.

ஒவ்வொரு தாளின் கீழும் என் பேரைப் போட்ட பிறகுதான் அடுத்த தாளை எடுக்க விடுகிறான். இந்தத் தாளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்படிக்கு,
க. புவனேந்திரன்